இராசமலர் மலர்

இராசமலர் மிஸ்ஸை ஒருவரும் வேலையிலிருந்து நிற்பாட்டவில்லை. நிற்பாட்டியிருந்தால் சண்டை பிடிக்க அவருக்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். ஆனி மாதம் அறுபது வயது நிறைவு, அதோடு ஓய்வு. அதற்கு முன்னால் தை மாதம் பாடசாலை தொடங்கியபோது, யாருக்கு எந்தப் பாடவேளை என்று எழுதிய புதிய நேரசூசியை அலுவலகச் சுவரில் ஒட்டினார்கள். நாங்கள் எல்லோரும் எட்டி எட்டி எங்கள் பெயரைத் தேடினோம். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை பார்த்தார்.

"வசந்தினி, உமக்குக் கண் நல்லது. என்ரை பேர் எங்கையாவது கிடக்கோ எண்டு பாரும்" என்றார் என்னிடம்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். கண் நல்லதுதான். பெயர்தான் இல்லை.

எங்களுடையது யாழ்ப்பாண மாவட்டத்து வலிகாமத்தில் ஒரு பாடசாலை. பெயர் வேண்டாம். இராசமலர் மிஸ் அங்கே உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பித்தார். உப அதிபராகவும் இருந்தார். புத்தூரில் வெங்காயம் வைக்கிற குடும்பத்தில் பிறந்து, தோட்டத்துக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போய்த் தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்தவர். முதல் நியமனம் வன்னியில். சண்டைக் காலத்தில் கூரையில்லாத பள்ளிக்கூடங்களில் படிப்பித்திருக்கிறார். அதைப் பற்றி யாராவது உருகிக் கேட்டால், "மழை வந்தால் லீவு. அவ்வளவுதான்" என்று முடித்துவிடுவார்.

அவர் நல்லவர் என்று எழுத எனக்கு விருப்பம். ஆனால் 'நல்லவர்' என்ற சொல் அவருக்குப் பொருந்தாது. நாக்கு அப்படி. வகுப்பில் கொட்டாவி விட்டவனிடம், "வாயை மூடடா, நீ சாப்பிட்டது எனக்குத் தெரியுது" என்பார். பெற்றோர் கூட்டத்தில் எழும்பி இங்கிலீசில் பேசத் தொடங்கிய ஒரு தகப்பனை, "இஞ்சை உங்களுக்கு விளங்கிற பாசையிலை கதைக்கலாம்" என்று இருத்திவிட்டார். அந்த மனிதர் அதற்குப் பிறகு பிள்ளையை வேறு பாடசாலையில் சேர்த்தார். மிஸ்ஸுக்கு அது ஒரு கவலையாகவே படவில்லை.

போர் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு எங்கள் பாடசாலைக்கு அதிபராக வர ஒருவரும் விரும்பாத காலம் ஒன்று இருந்தது. மலசலகூடத்துக்குக் கதவு இல்லை. மண்டபத்துக்கு ஓடு இல்லை. அப்போது இரண்டு வருடம் பதில் அதிபராக இருந்து பாடசாலையைக் கொண்டு நடத்தியவர் அவர்தான். பிறகு இலண்டனிலும் கனடாவிலும் இருக்கும் பழைய மாணவர்கள் எங்களை நினைத்துக்கொண்டார்கள். மண்டபம் வந்தது, திரையில் பாடம் காட்டுகிற பலகை வந்தது, அதிபர் அறைக்குக் குளிரூட்டி வந்தது. குளிரூட்டி வந்த பின் அதிபராக வரப் பலருக்கும் விருப்பம் வந்தது. அவர்களில் ஒருவர்தான் பிரகலாதன் சேர்.

பிரகலாதன் சேருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. போட்டிப் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்து வந்தவர். வாய் திறந்தால் 'வினைத்திறன்' என்பார். பாடசாலைக்கு மேலே டிரோன் பறக்கவிட்டு எடுத்த படம் ஒன்று அவருடைய கதிரைக்குப் பின்னால் தொங்குகிறது. அதில் கட்டடங்கள் எல்லாம் தெரியும், பிள்ளைகள் ஒருவரும் தெரியமாட்டார்கள்.

நேரசூசி ஒட்டிய அன்றே மிஸ் அவருடைய அறைக்குப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சாட்சிக்காக இருக்கலாம்.

"மிஸ், நீங்கள் ஆனியிலை போயிடுவியள்" என்றார் அதிபர், மிகவும் பணிவாக. "வருசத்தின்ரை நடுவிலை ஆசிரியர் மாறினால் பிள்ளையளுக்குப் பாதிப்பு. அதுதான் உயர்தரத்தை இப்பவே தனுஷிகா மிஸ்ஸிட்டைக் குடுத்தனான்."

"கீழ் வகுப்பு ஒண்டும் இல்லையோ?"

"உங்கடை சேவைக்காலத்துக்குக் கீழ் வகுப்புத் தாறது மரியாதை இல்லை மிஸ்."

"மேல் வகுப்புத் தந்தால் பாதிப்பு. கீழ் வகுப்புத் தந்தால் மரியாதை இல்லை. அப்ப எனக்கு என்ன வேலை?"

"நீங்கள் எங்களுக்கு ஆலோசகர். நல்லா ஓய்வாய் இருங்கோ."

"ஆலோசனை ஆர் கேப்பினம்?"

அதிபர் சிரித்தார். பதில் அந்தச் சிரிப்புத்தான் என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. மிஸ்ஸுக்கும்தான்.

அடுத்த வாரம் உப அதிபர் அறையில் கண்காணிப்புக் கமராவின் திரைகளைப் பொருத்தினார்கள். மிஸ்ஸின் மேசையை அலுவலக உதவியாளர் அருளம்பலம் அண்ணை தூக்கிக்கொண்டுபோய் பாண்ட் வாத்தியங்கள் வைக்கும் அறையில் போட்டார். போட்டுவிட்டு, "என்ன செய்யிறது மிஸ், தூக்கச் சொன்னவை, தூக்கினனான்" என்றார். ஒரு பக்கம் மேளங்கள், ஒரு பக்கம் கிழிந்த சீருடைகள், நடுவில் இராசமலர் மிஸ். மத்தியானம் பிள்ளைகள் வந்து, "எக்ஸ்கியூஸ் மிஸ்" என்று மேளத்தை எடுத்துக்கொண்டு போவார்கள். பயிற்சி முடிந்ததும் கொண்டுவந்து வைப்பார்கள். அந்த அறையில் வேலைக்குப் பயன்பட்டவை மேளங்கள் மட்டும்தான்.

ஆசிரியர்களுக்கென்று கைபேசியில் ஒரு குழு இருந்தது. அதில் மிஸ்ஸும் இருந்தார். மாசி மாதம் அதில் ஒரு செய்தியும் வராமல் போனது. அவரைத் தவிர எல்லோரையும் புதிய குழு ஒன்றுக்கு மாற்றியிருந்தார்கள்.

"புதுக் குழுவுக்கு என்ன பேர்?" என்று கேட்டார் என்னிடம்.

"'எமது குடும்பம்' மிஸ்."

"ஓ. அப்ப நான் மாமியார் பகுதியாக்கும்."

விளையாட்டுப் போட்டி வந்தது. வருடாவருடம் ஒலிவாங்கி பிடித்து அறிவிப்புச் செய்பவர் அவர்தான். அஞ்சலோட்டத்தில் கோல் விழுந்தாலும் அதை அவர் சொல்கிற விதத்தில் சனம் சிரித்து முடியாது. இந்த முறை பட்டணத்திலிருந்து வானொலி அறிவிப்பாளர் ஒருவரைக் காசு கொடுத்துக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் நூறு மீற்றர் ஓடிய பிள்ளையைப் பார்த்து "வாவ்" என்றார். நீளம் பாய்ந்த பிள்ளையைப் பார்த்தும் "வாவ்" என்றார். மிஸ்ஸின் நெஞ்சில் ஒரு சின்னம் குத்தி, பந்தலின் முன்வரிசையில், பக்கத்துப் பாடசாலை அதிபர்களுக்கு நடுவில் இருத்திவிட்டார்கள். அவருக்கு மூன்று முறை குளிர்பானம் கொடுத்தார்கள். கையில் ஒலிவாங்கி மட்டும் வரவில்லை.

இதற்கெல்லாம் அவர் அழவில்லை. பொறுத்துக்கொண்டு போனார் என்றும் இல்லை. ஆசிரியர் அறையில் தேத்தண்ணீர் குடிக்கும் நேரத்தில் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்தார். நாங்கள் சிரித்தோம். சிரித்து முடிந்ததும் மணி அடிக்கும். நாங்கள் வகுப்புக்குப் போவோம். அவர் வாத்திய அறைக்குப் போவார்.

சித்திரை விடுமுறை முடிந்து வந்தபோது 'சேவைநலன் பாராட்டு விழாக் குழு' என்று ஒன்று பிறந்திருந்தது. வேலை கொடுக்க முடியாத பாடசாலைக்கு விழா எடுக்க முடிந்தது. தலைவர் பிரகலாதன் சேர். செயலாளர் தனுஷிகா. இலண்டனிலிருந்து ஒரு வைத்தியர் பிரதம விருந்தினராக வருகிறார். மேளதாளம், பொன்னாடை, மத்தியானச் சாப்பாடு, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு மலர். மலரின் பெயர் 'இராசமலர் மலர்'. இந்தப் பெயரைக் கண்டுபிடிக்க ஒரு கூட்டம் கூடினார்கள் என்பது எனக்குத் தெரியும். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன்.

ஒருநாள் தனுஷிகா கை நிறையத் தட்டச்சுத் தாள்களோடு வாத்திய அறைக்குப் போனாள். பின்னேரம் மிஸ் அதை என்னிடம் அப்படியே நடித்துக் காட்டினார்.

"மிஸ், மலருக்கு வந்த கட்டுரையள். வைகாசி முடிய அச்சுக்குக் குடுக்கவேணும். ஒருக்காப் பாத்துப் பிழை திருத்தித் தாறியளோ?"

"ஆரைப் பற்றின கட்டுரையள்?"

"உங்களைப் பற்றித்தான் மிஸ்."

"என்னைப் புகழ்ந்து எழுதினதை நானே திருத்திறதோ?"

"உங்களை விட்டால் ஆர் மிஸ் இருக்கினம்?"

"நீர் உயர்தரத்துக்குத் தமிழ் படிப்பிக்கிறீரெல்லோ?"

தனுஷிகா தலையைக் குனிந்துகொண்டாளாம். அவள் கெட்டவள் இல்லை. இரண்டு கைக்குழந்தைகள், புருசன் மன்னாரில். கிடைத்த வகுப்பை எடுத்தாள். கிடைக்காமல் போனவரைப் பற்றி யோசிக்க அவளுக்கு நேரம் இருக்கவில்லை.

மிஸ் தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோனார். அவருடைய கணவர் குகதாசன் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது பீற்றூட் வைக்கிறார். சாய்மனைக் கதிரையில் இருந்து முதலாவது தாளை எடுத்து வாசித்தவர், கண்ணாடியைக் கழற்றினார்.

"இஞ்சாரும், ஆர் செத்தது?"

"நான்தான்" என்றாராம் மிஸ்.

அவர் கேட்டதில் பிழையில்லை. எங்கள் ஊரில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் நினைவு மலர் வெளியிடுவார்கள். அதில் 'அன்னார்' என்றுதான் எழுதுவார்கள்; 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்றுதான் எழுதுவார்கள். பிரகலாதன் சேரின் வாழ்த்துச் செய்தியும் அப்படியே இருந்தது. 'அன்னாரின் பிரிவு எமது பாடசாலைச் சமூகத்துக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பாகும். அன்னார் காட்டிய வழியில் நாம் வினைத்திறனுடன் பயணிப்போம்.' ஒரு பெரிய உத்தியோகத்தரின் செய்தி, பரமலிங்கம் என்ற கணித ஆசிரியர் ஒருவரைப் புகழ்ந்தது. பழைய செய்தியில் பெயரை மாற்ற மறந்துவிட்டார்கள். அச்சகக்காரர் வழக்கமாக மரண வீடுகளுக்குப் பாட்டுக் கட்டுகிறவரைக் கொண்டே வாழ்த்துப்பாவையும் எழுதுவித்திருந்தார். முதல் மூன்று வெண்பாவிலும் கண்ணீர் ஆறாக ஓடியது.

மிஸ் அவற்றில் ஒரு கோடும் போடவில்லை. பல நாள் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். தனுஷிகா கேட்கும்போதெல்லாம் "பாக்கிறன் பிள்ளை" என்றார்.

வைகாசி மாதம் ஒரு வியாழக்கிழமை தனுஷிகா யாழ்ப்பாணத்தில் ஒரு செயலமர்வுக்குப் போய்விட்டாள். உயர்தரத்தின் கடைசி வகுப்பான பதின்மூன்றாம் தரத்துக்கு இரண்டு பாடவேளை ஆளில்லை. பதில் பாடவேளை எழுதுகிறவர், யார் சும்மா இருக்கிறார்கள் என்று பார்த்து, யோசிக்காமல் இராசமலர் என்று எழுதிவிட்டார். அருளம்பலம் அண்ணை அந்தத் துண்டுச் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தபோது நான் அந்த அறையில்தான் இருந்தேன். மிஸ் துண்டை வாங்கிப் பார்த்தார். பிறகு எழும்பிச் சேலையைச் சரிசெய்து, தாள்கள் இருந்த பையையும் தூக்கிக்கொண்டு போனார். எனக்குப் பக்கத்து வகுப்பில் பாடம். நடுச்சுவர் அரைச்சுவர்தான். எல்லாம் கேட்டது.

"பிழை திருத்தம்" என்றார் மிஸ். "இரண்டு பேருக்கு ஒரு தாள். ஆர் எழுதினதெண்டு பாக்காதேங்கோ. தமிழை மட்டும் பாருங்கோ. சிவப்புப் பேனை இல்லாதவை என்னட்டை வாங்குங்கோ."

தாள்கள் கைமாறுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண் கேட்டாள்:

"மிஸ், 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' எண்டு கிடக்கு. செத்தவைக்குத்தானே அப்பிடி எழுதிறது?"

"ஓம். அடிக்கோடு போடு."

"மிஸ், இதிலை கண்ணீர் ஓடுது."

"அதுக்கும் போடு."

"மிஸ், இது பரமலிங்கம் எண்டு ஒராளைப் பற்றி."

"விடயத்துக்குப் புறம்பு எண்டு எழுதிப் பூச்சியம் போடு."

பின்வாங்கிலிருந்து ஒருவன், "மிஸ், இதை எழுதினது எங்கடை சேர்..." என்று தொடங்கினான்.

"பேரைப் பாக்கவேண்டாம் எண்டு சொன்னனான். நீ எத்தினை பிழை கண்டுபிடிச்சனி?"

"பதினாலு மிஸ்."

"அந்தத் தாளிலை இன்னும் இருக்கு. வடிவாய்ப் பார்."

இரண்டு பாடவேளையும் அப்படியே போனது. 'அன்னார்' எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது. இரங்கலுக்கும் பாராட்டுக்கும் என்ன வித்தியாசம். ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் தெரியாதவர்கள் ஏன் பெரிய சொற்களைத் தேடுகிறார்கள்: எல்லாம் படிப்பித்தார். என்னுடைய பிள்ளைகளும் ஒளித்தொகுப்பை விட்டுவிட்டு அந்தப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் தடுக்கவில்லை. மணி அடித்தும் அந்த வகுப்பில் ஒருவரும் எழும்பவில்லை. "நாளைக்கும் வருவியளோ மிஸ்?" என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது. "என்ரை சிவப்புப் பேனையளைத் தாங்கோ" என்றார் மிஸ்.

திருத்திய தாள்களுக்கு மிஸ் மேலே புள்ளி போட்டார். பிரகலாதன் சேருக்கு நூற்றுக்கு இருபத்தெட்டு. கீழே, 'தட்டச்சு அழகு. விடயம் போதாது' என்றும் எழுதினார். அடுத்த நாள் தாள்களைத் தனுஷிகாவிடம் கொடுத்தார். மத்தியானத்துக்குள் அதிபர் கூப்பிட்டு அனுப்பினார். சாட்சியாக நானும் போனேன்.

"பிள்ளையளுக்கு முன்னாலை என்னை அவமானப்படுத்திப் போட்டியள் மிஸ்."

"ஒருத்தரும் பேரைப் பாக்கேல்லை சேர். தமிழைத்தான் பாத்தவை."

"விழா உங்களுக்குத்தானே எடுக்கிறம்?"

"எனக்கெண்டால் என்னை ஏன் ஒருத்தரும் கேக்கேல்லை?"

"கேட்டால் வேண்டாமெண்டு சொல்லுவியள்."

"ஓம், சொல்லியிருப்பன். இப்பவும் சொல்லுறன். நான் வரமாட்டன்."

அதிபர் கொஞ்ச நேரம் மேசைக் கண்ணாடியைத் துடைத்தார். "பிரதம விருந்தினருக்கு ரிக்கற் போட்டாச்சு. சாப்பாட்டுக்கும் சொல்லியாச்சு. நீங்கள் வராட்டிலும் விழா நடக்கும்" என்றார். பிறகு உண்மையாகவே மனம் இளகிச் சொன்னார்: "எனக்கு உங்களிலை ஒரு கோபமும் இல்லை மிஸ்."

வெளியில் வந்த மிஸ், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். முகம் மாறியிருந்தது.

"கேட்டனீரோ வசந்தினி? கோபம் இல்லையாம். என்னிலை கோபிச்சு வகுப்பைப் பறிச்சிருந்தால் நான் ஆறியிருப்பன். என்னோடை கோபிக்கிற அளவுக்குக்கூட உவைக்கு நான் ஒண்டும் இல்லை. பஸ்ஸுக்கு நிக்கிற ஆளைப் பாக்கிற மாதிரிப் பாக்கினம். எப்ப ஏறுவாள் எண்டு."

"வாங்கோ மிஸ், தேத்தண்ணி குடிப்பம்" என்றேன். குடித்தோம்.

ஆனி மாதம் கடைசி நாளில் வந்து கையொப்பம் வைத்து, மேசை இலாச்சியைத் துடைத்து, சாவியை அருளம்பலம் அண்ணையிடம் கொடுத்துவிட்டு, பருத்தித்துறை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். விழா அதற்கு அடுத்த சனிக்கிழமை.

விழா நன்றாக நடந்தது. நான் பொய் சொல்லவில்லை. மிஸ் இல்லாதது ஒருவருக்கும் ஒரு குறையாக இருக்கவில்லை. அவர் இருந்திருந்தால்தான் சங்கடம். மேடையின் நடுவில் அவருக்கென்று போட்ட கதிரை வெறுமையாக இருந்தது. அது வடிவில்லை என்று யாரோ சொல்ல, அருளம்பலம் அண்ணை அலுவலகத்திலிருந்த மிஸ்ஸின் படத்தை எடுத்துவந்து கதிரையில் சாத்தினார். வாங்கிய மாலை வீணாகக் கிடக்கிறதென்று அதைப் படத்துக்குப் போட்டார்கள். குத்துவிளக்கு அதற்கு முன்னால் எரிந்தது. மாலை போட்ட படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பிந்தி வந்த மனிசி ஒருத்தி வாசலிலேயே "ஐயோ, எப்ப?" என்று கேட்டாள். பிறகுதான் மாலையைக் கழற்றினார்கள்.

இலண்டன் வைத்தியர் தான் படித்த கதையைச் சொன்னார்; பிறகு தன் பிள்ளைகள் படித்த கதையைச் சொன்னார். அவர் எங்கள் பாடசாலையை விட்டுப் போய் வெகுகாலத்துக்குப் பிறகுதான் மிஸ் அங்கே வந்தார். ஆகவே அவரைப் பற்றிச் சொல்ல வைத்தியருக்கு ஒன்றும் இல்லை. பிரகலாதன் சேர், "மிஸ்ஸுக்கு உடல்நிலை சரியில்லை" என்று அறிவித்து, பொன்னாடையைப் பெற்றுக்கொள்ளக் குடும்பத்தில் யாராவது மேடைக்கு வரலாம் என்றார். இதெல்லாம் வழமையான அறிவிப்பு. ஒருவரும் எழும்பமாட்டார்கள் என்று நினைத்தோம். கடைசி வரிசையிலிருந்து குகதாசன் எழும்பி வந்தார்.

அவர் வீட்டில் பீற்றூட் விதை வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். பொன்னாடை போர்த்தினார்கள். கைகூப்பினார். பந்தியில் இருந்து பாயசம் இரண்டு தரம் வாங்கினார். போகும்போது அவருடைய சைக்கிள் கரியரில் ஒரு பெட்டி மலரைக் கட்டிவிட்டார்கள்.

"மிஸ் ஏசமாட்டாவோ அண்ணை?" என்று கேட்டேன்.

"ஏசுவா. நான் ஏச்சு வாங்கி முப்பது வருசம்" என்றார். "ஒருதருமே போகாட்டில், உவங்கள் சொன்னது மாதிரி ஆள் உண்மையிலை இல்லை எண்டு ஆயிடும். அதுதான் வந்தனான்."

நெற்றியில் சந்தனப் பொட்டோடு வீட்டுக்குப் போனவர் பொய்யை எப்படித் தொடர்ந்தாரோ தெரியாது. மிஸ் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் மலரை எடுத்து வாசித்தார். தனுஷிகா பிள்ளைகள் போட்ட திருத்தங்களை எல்லாம் சத்தமில்லாமல் சேர்த்திருந்தாள். பரமலிங்கத்தைக் காணவில்லை, கண்ணீர் வற்றியிருந்தது. அதிபரின் செய்தி மட்டும் எழுதினபடியே கிடந்தது. ஒரு சொல்லையும் தொட வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தாராம்.

"பிள்ளையள் நல்லாத் திருத்தியிருக்குதுகள்" என்றார் என்னிடம் தொலைபேசியில். அந்த விழா பற்றி அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது.

இரண்டு மாதம் வீட்டில் இருந்தார். குகதாசனின் பீற்றூட் பாத்திகளுக்கு ஆலோசனை சொன்னார். மூன்றாம் மாதம் குகதாசனே பத்திரிகையைப் பார்த்து, வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் பாடசாலையில் தமிழுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கண்டுபிடித்தார். மிஸ் நேர்முகத்துக்குப் போனார். எடுத்துக்கொண்டார்கள். இப்போது ஆறாம் தரத்துக்குப் படிப்பிக்கிறார். இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். கால் உளைவு என்று சொல்கிறார். ஆனால் குரல் பழையபடி ஆகிவிட்டது.

போன வாரம் தொலைபேசி எடுத்து, "புது இடம் எப்பிடி மிஸ்?" என்று கேட்டேன்.

"பிள்ளையள் பரவாயில்லை. 'ல', 'ள', 'ழ' மூண்டும் ஒண்டெண்டு நினைச்சுக்கொண்டிருந்ததுகள். இப்ப இல்லை."

"அதிபர்?"

"அதை ஏன் கேக்கிறீர். இஞ்சையும் ஒரு பிரகலாதன் இருக்கிறான். இவன் கொஞ்சம் உயரம்."